மலைப் பள்ளிக்கூடத்தில் பனிக்காலம்: சின்னம்மா சொன்னதும் பதிவேடு சொல்லாததும்

ஒவ்வொரு டிசம்பரிலும் செய்தித்தாளில் அந்தப் படம் வந்துவிடும். ஊட்டி குதிரைப் பந்தய மைதானமாகவோ தலைக்குந்தாவாகவோ இருக்கும். புல்வெளி முழுக்க வெள்ளை வேட்டி விரித்த மாதிரி உறைபனி. நிறுத்திவைத்த கார் கண்ணாடிமேல் யாரோ விரலால் பேர் எழுதியிருப்பார்கள். மேலே 'மினி காஷ்மீர்' என்று தலைப்பு. இந்த வருஷம் அந்தப் படத்தை என் சின்னம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாங்க:

"இது வெயில் வந்தப்புறம் எடுத்த படம் கண்ணு. பனி பளபளன்னு மின்னுது பாரு. ஆறு மணிக்கு அங்க போயி நின்னிருந்தா, போட்டோ எடுக்கறவனுக்கு விரல் மடங்கியிருக்காது."

சின்னம்மா 1974இல், தன் 21 வயசில், ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவங்க. ஆறு வருஷம் அங்கே இருந்தாங்க. நீலகிரிப் பள்ளிகளின் வரலாறு பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்துவருகிறேன். புத்தகங்களில் கவர்னர் கிடைக்கிறார், கலெக்டர் கிடைக்கிறார், பாதிரியார் கிடைக்கிறார். காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்த ஆள் கிடைப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரைக்குச் சின்னம்மாவையே பாதி ஆவணமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரே சொல், நாலு பனி

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை நாம் பலதுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், வழியை மறைக்கும் மூட்டமும் பனிதான், உறைந்து வெளுத்ததும் பனிதான், இமயமலையில் கொட்டுவதும் பனிதான். தொல்காப்பியம் வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரிக்கிறது. அதில் இரண்டு பொழுதுக்குப் பனியின் பேர்தான்: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி. ஆனால் அந்தப் பனி பெரும்பாலும் சமவெளிப் பனி.

கொங்கு நாட்டில் பனி வேளாண்மைக்கு வேண்டப்பட்டது. பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் காட்டில் கொண்டக்கடலையும் கொத்தமல்லியும் மழை நின்ற பிறகு மண் ஈரத்திலும் பனியிலுமே விளையும். பனிப்பயிர் என்றே சொல்வார்கள். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று குளிரைச் சொன்னாலும் அதில் பயம் இல்லை. ஒரு போர்வை, வாசலில் கொஞ்சம் சருகு மூட்டம், அதோடு முடிந்துவிடும்.

மலையில் கதை வேறு. அங்கே முதலில் நீர்ப்பனி விழும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி ஆரம்பிக்கும். மேகம் இல்லாத, காற்று இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் ஒன்றும் இல்லாதபோது பள்ளத்தில் புல் வெளுத்துக் கிடக்கும். ஆள் உயரத்தில் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே புல்மட்டத்தில் 0க்குக் கீழே போயிருக்கும். வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நீலகிரியில் சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை என்ற கேள்விக்கு, உறைபனி இளங்கன்றுகளைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் பதில். எங்கே மரம் நிற்க வேண்டும், எங்கே புல் நிற்க வேண்டும் என்பதையே பனி முடிவு செய்கிறது என்றால், மனுஷர்கள் அதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்க முடியுமா?

எடுத்திருக்கிறார்கள். படகர்களின் ஹட்டிகளைப் பாருங்கள். வீடுகள் வரிசையாக மலைச் சரிவில் இருக்கும். பள்ளத்தில் தோட்டம் இருக்கும். தோடர்களின் பழைய குடிசை பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி, தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல். உள்ளே சேர்ந்த சூடு வெளியே போகாது. ஆனால் சின்னம்மாவின் பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருந்தது. சமமான இடம் அங்கேதான் கிடைத்தது என்று யாரோ தீர்மானித்திருக்க வேண்டும். ஊருக்குள் பனி இல்லாத நாளிலும் பள்ளி வாசலில் வெளுத்துக் கிடக்குமாம்.

கோபியிலிருந்து மேலே

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனம், நெல் வயல், கரும்பு என்று வளர்ந்தவங்க சின்னம்மா. மலைப் பக்கம் போக யாரும் விரும்பாததால் அங்கே சீக்கிரம் வேலை கிடைத்தது. "அமுச்சி ஒரு கம்பளியும் ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கும் குடுத்து அனுப்புச்சு. கம்பளி ஒண்ணு பத்தும்னு நெனச்சுப்போட்டோம்."

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர்; ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட மலைப் பாதை. காலையில் வேர்வையோடு ஏறிய ஆள் மத்தியானம் பல் கிட்டக் கிட்ட இறங்குவார்.

இந்த 46 கிலோமீட்டருக்கு ஒரு நிர்வாக வரலாறும் இருக்கிறது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாடு கம்பெனி கைக்கு வந்தது. மலையும் கோயம்புத்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. 1812இல் கீஸ், மக்மஹோன் என்ற இருவர் மேலே போய் அளந்துவிட்டு வந்தார்கள். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். அவர் அமைத்த முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் போனது. ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 1830இல் மலையின் பெரும்பகுதி மலபார் ஜில்லாவுக்குப் போய், 1843இல் கோவைக்கே திரும்பியது. 1868இல்தான் நீலகிரி தனியாகப் பிரிந்தது. அதாவது அரை நூற்றாண்டுக்கு மேல் ஊட்டியின் நிர்வாகம் அரிசிப் பருத்தி ஊர்களோடு ஒரே கூரைக்குள் இருந்தது. மலைக்கென்று தனியாக யோசிக்கும் பழக்கம் நிர்வாகத்துக்கு அதிகம் வரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்

சின்னம்மாவும், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு டீச்சரும் ஹட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கினாங்க. வீட்டுக்காரம்மா வயசான படகப் பெண்மணி. ஊரே அவரை ஹெத்தெ என்று கூப்பிடும். படக மொழியில் பாட்டி என்று அர்த்தம். மார்கழி, தை வாக்கில் நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவும் ஒரு பாட்டியைத் தெய்வமாக வைத்துக் கொண்டாடுவதுதான்.

காலை அஞ்சரைக்கு எழுந்தால் குழாயில் தண்ணீர் வராது. ராத்திரியே அண்டாவில் பிடித்து வைக்கோணும். வெளியே வைத்த வாளியில் மேலாக்க ஒரு கண்ணாடித் தகடு நிற்கும், அதை டம்ளரால் உடைப்பாங்க. தேங்காயெண்ணெய் பாட்டிலில் கல்லாகியிருக்கும். அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், அங்கே வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான். அடுப்போரம் வைத்து இளக்கினால்தான் தலை சீவலாம். இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் புளிக்காது. கம்பளியில் சுற்றி அடுப்புத் திட்டில் வைத்துப் பார்த்திருக்காங்க. மாவு புளித்தது, கம்பளியில் புகை வாசம் ஏறியது. அத்தோடு இட்லியை விட்டுவிட்டாங்க. அரிசியும் வேக நேரமாகும். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதிக்கிறதே தவிர சோறு பதத்துக்கு வராது.

"நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதெல்லாம் ஒண்ணுக்குத்தான். காலையில யாரு மொதல்ல எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கறதுங்கறதுக்கு."

பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. பிள்ளைகள் வரும்போது கன்னமெல்லாம் வெடித்துச் சிவந்திருக்கும். குல்லா எல்லாருக்கும் இருக்கும், செருப்பு பாதிப் பேருக்கு இருக்காது. பனி கிடக்கும் புல்லில் வெறுங்காலோடு ஓடி வந்து நின்றால் கால் விரல் வீங்கி அரிக்கும். எழுதச் சொன்னால் பலப்பம் கையில் நிற்காது. முதல் ஒரு மணி நேரம் சின்னம்மா எழுத்து வேலையே வைக்க மாட்டாங்க. வாய்ப்பாடு, பாட்டு, கதை, கை தட்டல். பத்து மணிக்கு மேல் வெயில் பள்ளத்துக்குள் இறங்கும். உடனே வகுப்பு மொத்தமும் வாசலுக்கு வந்துவிடும். சுவரில் முதுகைச் சாய்த்து வெயில் காய்ந்துகொண்டே பாடம். "எங்க பள்ளிக்கோடத்துல கரும்பலகைக்குக் கால் உண்டு. வெயிலு போற பக்கம் அதுவும் நகரும்."

பனி பிள்ளைகளின் வருகையையும் தொட்டது. உறைபனி தொடர்ந்து விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் சுட்ட மாதிரி ஆகிவிடும். கொழுந்து இல்லையென்றால் பறிக்கும் வேலை இல்லை, கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டில் பெரிய பிள்ளைகள் விறகுக்குப் போவார்கள். சீகை மரமும் தைல மரமும்தான் விறகு. இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சோலையை வெட்டித் தீர்த்த பிறகு கணப்புக்கு வேறு வழியில்லாமல் வந்த மரங்கள்.

கரி

இனி சொல்லப்போவதைச் சின்னம்மா ரொம்ப நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அமுச்சி தெரிந்தால் திரும்ப அனுப்பாது என்ற பயம்.

முதல் வருஷம், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய வாரம். ஊட்டி மார்க்கெட்டில் ஒரு குமுட்டி அடுப்பும் கரியும் வாங்கினாங்க. அறையில் வைத்தால் கதகதப்பாக இருக்கும், விறகு மாதிரி புகையாது, துணி அழுக்காகாது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது ஹெத்தெ பார்த்துவிட்டு நிறைய நேரம் ஏதோ சொன்னாராம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாராம். "எனக்கு அப்ப படகு ஒரு வார்த்தை தெரியாது. மரியாதைக்குச் சரிங்க சரிங்கன்னு தலையாட்டிப்போட்டு உள்ள போயிட்டேன்."

சன்னல் இடுக்கில் பேப்பரைத் திணித்து, கதவடியில் சாக்கைப் போட்டு, நடுவில் குமுட்டியை வைத்துப் படுத்தாங்க. அவ்வளவு சுகமான தூக்கமாம். நடுராத்திரியில் தலை பிளக்கிற வலியும் வாந்தியுமாக முழிப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த டீச்சரை உலுக்கினால் எழவில்லை. எழுந்து நிற்கக் கால் வரவில்லை. கதவு வரைக்கும் தவழ்ந்து போய், சாக்கை இழுத்து, தாழ்ப்பாளைத் தள்ளி, வாசற்படியில் விழுந்தாங்க. சத்தம் கேட்டு வந்த ஹெத்தெதான் இன்னொருத்தரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். பனி விழுந்த தரையில் இரண்டு பேரையும் படுக்க வைத்து, விடியும்வரை தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தாராம். புரியாத மொழியில்தான்.

இரண்டு பேரும் பிழைத்தாங்க.

கரி எரியும்போது காற்று போதவில்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தூக்கம் ஆழமாகும், அவ்வளவுதான் தெரியும். விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். அந்தத் தொந்தரவுதான் காவல். கரியில் புகை இல்லை என்று நாம் எதைச் சௌகரியம் என்கிறோமோ, அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள், கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் சமவெளியிலிருந்து போனவர்கள்.

இதை வரலாறாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. வெள்ளைக்காரர் பங்களாவில் கணப்பும், புகை போகச் சிம்னியும் இருந்தது. படக வீட்டில் உள்ளடுப்பு இருந்தது. புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போனது. இரண்டுமே அந்தந்த ஆட்களின் அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு. சமவெளியிலிருந்து வேலைக்குப் போன குமாஸ்தா, போஸ்ட்மேன், டீச்சர் இவர்களுக்கு இரண்டும் இல்லை. வாடகை அறையும் ஒரு குமுட்டியும்தான்.

அந்த வாரத்திலிருந்து சின்னம்மா பிள்ளைகளிடம் படகு கற்றுக்கொள்ள ஆரம்பிச்சாங்க. "அவங்களுக்கு நான் தமிழு, எனக்கு அவங்க படகு. அந்தக் கிழவி அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கவே எனக்கு நாலு மாசம் ஆச்சு."

கோடையில் எழுதிய வரலாறு

மலையில் நவீனப் பள்ளி என்று பார்த்தால் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற கம்பெனி அதிகாரி காஸமேஜர் அங்கே படகப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1840களின் நடுவில் பாசல் மிஷன்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மெட்ஸ் என்பவர் பல பத்தாண்டுகள் ஹட்டி ஹட்டியாக நடந்தவர். ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவர்களுக்கு நீலகிரிக் குளிர் சொந்த ஊர் நினைவு. அவர்களுக்குச் சமவெளிதான் கொடுமை. சின்னம்மாவுக்கு நேர் எதிர்.

1870 முதல் ஊட்டி, சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகரம். கவர்னர், செயலாளர்கள், கோப்புகள், குமாஸ்தாக்கள் எல்லாம் ஏப்ரல் வாக்கில் ஏறி, அக்டோபர் வாக்கில் இறங்கினார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். முடிவெடுக்கிற ஆட்கள் மலையில் இருந்தது கோடையிலும் மழையிலும். உறைபனி விழ ஆரம்பிக்கும்போது அவர்கள் சென்னைக் கடற்கரையில் இருந்தார்கள்.

அந்தக் காலத்து நூல்களில் குளிர் இல்லாமல் இல்லை. கிரிக் 1880இலும், பிரான்சிஸ் 1908இலும் மாவட்டத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பிரைஸ் 1908இல் ஊட்டிக்கென்றே தனி வரலாறு எழுதினார்: யார் எந்த பங்களாவைக் கட்டினார், கிளப் எப்படி வந்தது, வேட்டை எப்படி நடந்தது என்று. அந்த வரிசையில் குளிர் என்பது பெரும்பாலும் உடம்புக்கு நல்லது, வெள்ளைக்காரர் தேறிவரும் இடம் என்ற அர்த்தத்தில் வருகிறது. மலர்க் கண்காட்சி நடப்பது மே மாதத்தில். சுற்றுலாவுக்கு 'சீசன்' என்றால் இன்றைக்கும் முதலில் ஏப்ரல், மே. நம் மனசில் இருக்கிற ஊட்டி, கோடையில் மேலே வந்துபோனவர்களின் ஊட்டி.

பள்ளி நாட்காட்டியும் அப்படியே. தமிழ்நாட்டில் பெரிய விடுமுறை மே மாதம், வெயிலுக்காக. அது கோவைக்கும் வேலூருக்கும் சரி. ஊட்டியில் மே மாதம் பாடம் நடத்த ஏற்ற மாதம். பல் நடுங்கும் டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை, கொஞ்ச நாள் விடுமுறை, உடனே ஜனவரி வகுப்பு. அதே மலையில் இருக்கும் பெரிய போர்டிங் பள்ளிகள் குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை விட்டுவந்தன. கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பள்ளியும் நெடுங்காலம் குளிர்மாதங்களில்தான் பெரிய விடுமுறை விட்டது. வெயிலுக்குப் பெற்றோர் மேலே வருவார்கள், குளிருக்குப் பிள்ளைகள் கீழே போவார்கள். காசு கட்டிப் படித்த பிள்ளைக்கு மலைக்கேற்ற நாட்காட்டி. மலையிலேயே பிறந்த பிள்ளைக்குச் சமவெளி நாட்காட்டி.

அரசுக்குக் குளிர் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. மலையில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு மலைப் படியும் குளிர்காலப் படியும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் குளிர் இருக்கிறது, கால அட்டவணையில் இல்லை.

"மே மாசம் ஊரு உலகமே ஊட்டிக்கு ஏறும். நாங்க ரெண்டு பேரும் பெட்டியத் தூக்கிட்டு எதுத்தாப்புல எறங்குவோம். பஸ்ஸுல எங்களப் பாத்து, ஏனுங்க, சீசன்ல போயி எறங்கறீங்கன்னு கேப்பாங்க."

பதிவேடு

சின்னம்மாவும் உடன் இருந்த டீச்சரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாங்க. டிசம்பர், ஜனவரியில் வருகைப் பதிவேட்டைப் பத்தரைக்கு மேல்தான் திறப்பாங்க. தூரத்துப் பிள்ளைகள் பனி இளகிய பிறகு நடந்து வரட்டும் என்று. சாயங்காலம் அதற்கு ஈடாக அரை மணி கூட வைத்துக்கொள்வாங்க. அது விதியில் இல்லாத ஏற்பாடு. ஒரு ஜனவரியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பார்வைப் புத்தகத்தில், பள்ளி குறித்த நேரத்தில் தொடங்கவில்லை, ஆசிரியைகள் கண்டிக்கப்படுகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் வந்தது பதினொன்றரைக்கு, ஜீப்பில். அப்போது பனி இருந்த தடமே இருக்காது. பச்சைப் புல்லும் நல்ல வெயிலும்தான் இருந்திருக்கும்.

எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. ஆவணத்தை நம்பி வேலை செய்பவன் நான். நாளைக்கு யாராவது அந்தப் பார்வைப் புத்தகத்தைத் தேடி எடுத்தால் என்ன எழுதுவார்கள்? மலைப் பள்ளிகளில் 1970களில் ஆசிரியர்கள் நேரத்துக்கு வரவில்லை, இதோ சான்று என்று எழுதுவார்கள். அடிக்குறிப்பும் கச்சிதமாக இருக்கும். வெறுங்காலோடு வந்த பிள்ளை அதில் இல்லை. எட்டு மணிக்குப் பார்த்தால்தான் தெரியும் ஒரு காரணத்தைப் பதினொன்றரைக்கு எழுதிய குறிப்பில் தேட முடியாது.

1980இல் சின்னம்மா கல்யாணமாகிக் கீழே வந்துவிட்டாங்க. போகும்போது கோபி கோயம்புத்தூர் ஜில்லா. திரும்பும்போது அது ஈரோடு மாவட்டம் ஆகியிருந்தது. அந்தக் கண்டனத்தை இன்னும் மறக்கவில்லை. "நான் ஒரு நாளும் லேட்டாப் போனதில்ல கண்ணு" என்று இதை எழுதும்போதும் இரண்டு தடவை சொன்னாங்க. எழுதியிருக்கிறேன், சின்னம்மா.

உங்கள் வீட்டிலும் மலையில் வேலை பார்த்த ஒரு டீச்சரோ நர்ஸோ போஸ்ட்மேனோ இருக்கலாம். கோடையைப் பற்றிக் கேட்காதீர்கள், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஜனவரி காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், அடுப்பில் என்ன எரித்தார்கள், அறைக்குச் சன்னல் இருந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்தக் குளிருக்கு மேலே போகிறவர்கள், தயவுசெய்து கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அன்றைக்கு ஹெத்தெ கையை ஆட்டிச் சொன்னதும் அதைத்தானாம்.